‘எக்மோ போட்டவர் யார் திரும்பி வந்தார்?’: வாசகி ஒருவரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: என் தம்பிக்கு வயது 36. உயரம் 170 செ.மீ., எடை 88 கிலோ. போன மாதம் காய்ச்சல், இருமல் என்று தொடங்கி நான்காம் நாளே மூச்சுத்திணறல் வந்தது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஃப்ளூ நிமோனியா என்று சொல்லி ஐசியூவில் வென்டிலேட்டர் வைத்தார்கள். மூன்றாம் நாள் மாலை டாக்டர் கூப்பிட்டு, “எக்மோ தேவைப்படலாம். சென்னையில் பேசிவிட்டேன். நீங்கள் முடிவு சொல்லுங்கள்” என்றார். எங்கள் பெரியப்பா, “எக்மோ போட்டவர் யார் திரும்பி வந்திருக்கிறார்? எல்லாம் பணம் பிடுங்கும் வேலை” என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அன்று இரவு தம்பியைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மறுநாளே தேறத் தொடங்கினான். 12ஆம் நாள் குழாயை எடுத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறான். இரண்டு ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) தாள்களின் படத்தை அனுப்பியிருக்கிறேன். எக்மோ என்பது உண்மையில் என்ன? நாங்கள் மறுத்தது சரியா? இனி யாருக்காவது இப்படி வந்தால் என்னென்ன கேட்க வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி வீடு திரும்பியதில் மிகுந்த மகிழ்ச்சி. முதலில் நேர் பதில். எக்மோ என்பது ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பித் தரும் இயந்திரம். அன்று மாலை அந்த மருத்துவர் எக்மோ பேச்சை எடுத்தது சரி. மறுநாள் அது தேவைப்படாமல் போனதும் நல்லதே. ஆனால் நீங்கள் மறுத்த காரணம் சரியில்லை. குப்புறப் படுக்க வைத்தும் தம்பி தேறாமல் போயிருந்தால், அந்த மறுப்பு அவர் உயிரைப் பறித்திருக்கலாம்.

பெரியப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் எக்மோ என்ற சொல்லே நமக்குத் துக்கச் செய்தியோடுதான் அறிமுகமானது. 2016 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதாவின் இதயம் நின்றபோது அந்தச் சொல்லைக் கேட்டோம். 2020 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் எஸ்.பி. பாலசுப்ரமணியம் உடல்நிலை பற்றிய அறிக்கைகளில் வாரக்கணக்கில் படித்தோம். எக்மோவிலிருந்து மீண்டு, நடந்து வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி அறிக்கை வெளியாவதில்லை. உலகெங்கும் உள்ள எக்மோ மையங்கள் தங்கள் நோயாளிகளின் விவரங்களை எல்சோ என்ற அமைப்பில் பதிகின்றன. 1989இல் தொடங்கிய அமைப்பு அது. அந்தப் பதிவுகளின்படி, நுரையீரல் செயலிழப்புக்காக எக்மோ போடப்பட்ட பெரியவர்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில் உயிரோடு மருத்துவமனையை விட்டுப் போகிறார்கள். எக்மோ இல்லாவிட்டால் பிழைப்பது கடினம் என்று கருதப்பட்டவர்கள் இவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஜெயலலிதா அவர்களுக்குப் போடப்பட்டது இதயம் நின்றபின் போடும் வகை. அதில் சிரையிலிருந்து எடுக்கும் ரத்தத்தைத் தமனிக்குள் செலுத்துவார்கள். இதயத்தின் வேலையையும் இயந்திரமே தாங்கும். உங்கள் தம்பிக்குப் பேசப்பட்டது சிரையிலிருந்து எடுத்துச் சிரைக்கே திருப்பும் வகை. அதில் இதயத்தின் வேலையை இதயமேதான் செய்ய வேண்டும். பெயர் ஒன்று என்பதால் இரண்டின் பலனையும் சேர்த்து எடை போடக்கூடாது. இனி நான் எழுதுவதெல்லாம் இரண்டாவது வகையைப் பற்றி.

இயந்திரம் செய்வது எளிதில் புரியக்கூடிய வேலைதான். தொடைச் சிரை வழியாக 23 முதல் 29 ஃப்ரெஞ்ச் அளவுள்ள ஒரு குழாயை உள்ளே செலுத்துவார்கள். 3 ஃப்ரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர் என்பதால், 25 ஃப்ரெஞ்ச் குழாய் ஏறக்குறைய ஒரு பென்சில் பருமன் இருக்கும். அதன் வழியே கருஞ்சிவப்பான ரத்தம் வெளியே வரும். நிமிடத்துக்கு 3,000, 4,000 முறை சுழலும் ஒரு பம்ப் அதை இழுத்து ஆக்சிஜனேட்டருக்குள் தள்ளும். செயற்கை நுரையீரல் என்பது இந்த ஆக்சிஜனேட்டர்தான். கையில் ஏந்தக்கூடிய ஒரு பெட்டி. உள்ளே முடியைப் போல மெல்லிய ஆயிரக்கணக்கான குழல் போன்ற இழைகள் அடுக்கப்பட்டிருக்கும். இழைக்குள்ளே ஆக்சிஜன் ஓடும், வெளியே ரத்தம் ஓடும். இழைகளின் மொத்தப் பரப்பு இரண்டு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் நுரையீரலின் பரப்பு இதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் இந்தப் பெட்டியால் உயிரைத் தாங்கிப் பிடிக்க முடிகிறதே தவிர, நுரையீரலுக்கு முழு ஈடாக முடியவில்லை. ரத்தம் 37 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டு, கழுத்துச் சிரையில் உள்ள சற்று மெல்லிய குழாய் வழியே இதயத்தின் வலப்பக்கத்துக்குத் திரும்பும். உடல் எடையில் கிலோவுக்கு நிமிடம் 60 முதல் 80 மி.லி. என்பது கணக்கு. பெரியவர்களுக்கு 4 முதல் 6 லிட்டர் வரும். உடம்பில் உள்ள மொத்த ரத்தமும் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஒரு சுற்றுப் போய்வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையருகே நின்றால் நீங்களே பார்க்கலாம். போகும் குழாய் நாவல்பழச் சாறு போல இருண்டிருக்கும், வரும் குழாய் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தால் ஏதோ கோளாறு. என்ன கோளாறு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எக்மோ எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் தானாக ஆறும்வரை அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவே. ஆகவே ஆறக்கூடிய நுரையீரலுக்கு மட்டுமே அது பொருந்தும். ஃப்ளூ, கொரோனா, எலிக்காய்ச்சல், பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல், நிமோனியா, விபத்தில் அடிபட்ட நுரையீரல் இவையெல்லாம் ஆறக்கூடியவை. ஸ்க்ரப் டைஃபஸை இங்கே தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் மழைக்காலத்திலும் அதையொட்டிய மாதங்களிலும் இது சாதாரணமாக வருகிறது. டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்குக் கட்டுப்படும். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்புறம் என மறைவான இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். காரணத்தைத் தேடாமல் எக்மோவுக்கு ஓடுவது, ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பது போன்றது.

ஆறாத நுரையீரலுக்கு எக்மோ வேதனையை நீட்டிக்கவே செய்யும். பல ஆண்டுகளாக நார் படிந்து இறுகிய நுரையீரல், பரவிய புற்றுநோய், மூளையில் பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள், இவர்களுக்குப் போடக்கூடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் குடித்தவர்களின் குடும்பத்தாரும் எக்மோ பற்றிக் கேட்கிறார்கள். அந்த விஷம் நுரையீரலை நாளுக்கு நாள் இறுக்கிவிடும். மாற்று நுரையீரல் கிடைக்கும்வரை தாங்கிப் பிடிக்கும் பாலமாக மட்டுமே எக்மோவை அங்கே யோசிக்க முடியும். மாற்று அறுவைக்குத் தகுதி இருக்கிறதா, தமிழ்நாட்டின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் வழியே பதிவு செய்யும் மருத்துவமனை எது என்ற பேச்சு முடிந்த பிறகுதான் குழாயைப் பற்றிப் பேச வேண்டும்.

இப்போது உங்கள் தாள்களுக்கு வருவோம். முதல் தாள், மூன்றாம் நாள் மாலை எடுத்தது. வென்டிலேட்டரில் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 68. கார்பன் டை ஆக்சைடு 58. ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7.27. ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜன் பங்கால் வகுத்தால் வருவதை பி/எஃப் விகிதம் என்பார்கள். 68ஐ 1ஆல் வகுத்தால் 68. நல்ல நுரையீரலில் இது 400க்கு மேல் இருக்கும். 100க்குக் கீழே போனால் கடுமை.

எக்மோவுக்கு இன்று பெரும்பாலான மையங்கள் வைத்துக்கொள்ளும் அளவுகோல், 2018இல் வெளியான ஈயோலியா ஆய்விலிருந்து வந்தது. வென்டிலேட்டரைச் சரியாக அமைத்து, செய்யவேண்டிய மற்றதையெல்லாம் செய்த பிறகும் விகிதம் 50க்குக் கீழே 3 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், அல்லது 80க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், அல்லது பிஎச் 7.25க்குக் குறைந்து கார்பன் டை ஆக்சைடு 60ஐத் தொட்டு 6 மணி நேரம் தாண்டினால் எக்மோ. அதோடு, வென்டிலேட்டரில் வைத்து 7 நாள் ஆகியிருக்கக்கூடாது. உங்கள் தம்பி இரண்டாவது நிபந்தனையின் வாசலில் நின்றார், மூன்றாவதுக்கும் மிக அருகில் வந்துவிட்டார். மருத்துவர் அப்போதே சென்னைக்குப் பேசியது அதனால்தான்.

ஆனால் ‘செய்யவேண்டிய மற்றதையெல்லாம் செய்த பிறகும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். அதில் முதன்மையானது குப்புறப் படுக்க வைப்பது. அதுவரை அது செய்யப்படவில்லை. அன்றிரவு செய்தார்கள். மறுநாள் பகல் எடுத்த இரண்டாவது தாளில் ஆக்சிஜன் 60 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது, அழுத்தம் 90. விகிதம் 150. ஒரே இரவில் இரு மடங்குக்கு மேல். 2013இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒரே மூச்சில் 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே கிடந்தவர்களில் 33 சதவீதம். இதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். நான்கைந்து பேர் வேண்டும். மூச்சுக்குழாயைப் பிடித்தபடி ஒருவர் தலைமாட்டில் நின்று எண்ணிச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து புரட்ட வேண்டும். முன்னதாக மூக்குக் குழாய் உணவை நிறுத்தி, கண்களை மூடி ஒட்டி, இசிஜி ஒட்டுகளை முதுகுக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் புரட்டிவிட்டு, ‘செய்து பார்த்தோம், பலனில்லை’ என்று எழுதுவது கணக்கில் சேராது.

இரண்டாவது, வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் தள்ளும் காற்றின் அளவு. இதை எடையை வைத்துக் கணக்கிட்டால் தவறு, உயரத்தை வைத்தே கணக்கிட வேண்டும். ஆணுக்கு, உயரத்தில் 152.4ஐக் கழித்து, 0.91ஆல் பெருக்கி, 50ஐக் கூட்ட வேண்டும். பெண்ணுக்கு 50க்குப் பதில் 45.5. உங்கள் தம்பிக்கு 66 கிலோ வருகிறது. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் ஏறக்குறைய 400 மி.லி. யாராவது அவருடைய உண்மையான எடையான 88ஐப் போட்டுப் பெருக்கினால் 528 மி.லி. ஆகிவிடும். ஆள் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. அதிலும் நிமோனியா நீர் நிரம்பிய நுரையீரலில் வேலை செய்வது ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுதான். அதற்குள் கூடுதல் காற்றைத் தள்ளினால் மீதமிருக்கும் நல்ல அறைகளும் கிழியும். மூச்சு உள்ளே போய் முடிந்ததும் காற்றை நிறுத்தி அளக்கும் பிளாட்டோ அழுத்தம் 30ஐத் தாண்டக்கூடாது என்பதும் இதனால்தான். பிளாட்டோ 34, 35 என்று நாள்கணக்கில் ஓடிய பிறகு எக்மோ மையத்துக்கு அனுப்பினால், அங்கே போய்ச் சேர்வது கிழிந்த நுரையீரல்.

இவற்றோடு தசை தளர்த்தும் மருந்து, சிறுநீர் மருந்தால் உடம்பில் தேங்கிய நீரை இறக்குவது, மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் மிச்சம் வைக்கும் பீப் எனப்படும் அழுத்தத்தைச் சரியாக வைப்பது ஆகியவையும் உண்டு.

ஆக, அன்று மாலை நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை: குப்புறப் படுக்க வைத்தீர்களா, எத்தனை மணி நேரம்? பிளாட்டோ அழுத்தம் எவ்வளவு? பி/எஃப் விகிதம் எவ்வளவு, எத்தனை மணி நேரமாக? எக்மோ மையத்தோடு பேசினீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள்? இதே கேள்விகளை எக்மோ மையமும் உங்கள் மருத்துவரிடம் கேட்கும். ‘சென்னையில் பேசிவிட்டேன்’ என்று அவர் சொன்னதே நல்ல அடையாளம். பேசுவதால் யாரும் எக்மோ போட்டாக வேண்டும் என்றில்லை. மையத்தில் இருப்பவர் போனிலேயே வென்டிலேட்டர் அமைப்பைத் திருத்தச் சொல்லி, புரட்டச் சொல்லி, ‘காலையில் மறுபடி சொல்லுங்கள்’ என்று முடிக்கும் அழைப்புகளும் உண்டு. நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில், ‘தொடர்பில் இருங்கள், இன்றிரவு புரட்டிப் பாருங்கள், தேறாவிட்டால் அனுப்புங்கள்’ என்பதே.

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு ஈயோலியா ஆய்விலேயே ஒரு தடயம் உண்டு. அதில் 249 நோயாளிகள். உடனே எக்மோ போடப்பட்ட பிரிவில் 60 நாளில் இறந்தவர்கள் 35 சதவீதம், வென்டிலேட்டரிலேயே தொடர்ந்த பிரிவில் 46 சதவீதம். புள்ளியியல் கறார்ப்படி இந்த வித்தியாசம் எல்லையைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டாம் பிரிவில் 35 பேருக்கு, நிலைமை கைமீறியதும் அவசரமாக எக்மோ போட வேண்டிவந்தது. அவர்களில் 57 சதவீதம் பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இருந்தவர்கள், அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருந்தாலும் கடைசி மூச்சில் போட்டால் என்ன ஆகும் என்பது தெரிகிறது. அதற்கு முன் 2009இல் வெளியான பிரிட்டனின் சீசர் ஆய்வில், எக்மோ மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்து ஊனமின்றி உயிரோடு இருந்தார்கள். அனுப்பப்படாதவர்களில் 47 சதவீதம். அனுப்பப்பட்ட 90 பேரில் 68 பேருக்குத்தான் எக்மோ போடப்பட்டது. மற்ற பலர் அங்கே கிடைத்த நல்ல வென்டிலேட்டர் கவனிப்பிலேயே தேறினார்கள். சரியான இடத்துக்குப் போவதே பாதி சிகிச்சை என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

பயணம் தனிக் கவலை. திண்டுக்கல்லிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். ஆம்புலன்சில் 7 மணி நேரம் என்று வையுங்கள். வென்டிலேட்டர் நிமிடத்துக்கு 12 லிட்டர், எக்மோ 6 லிட்டர், கசிவுக்குக் கொஞ்சம் என்றால் நிமிடத்துக்கு 20 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். 7 மணி நேரத்துக்கு 8,400 லிட்டர். எப்போதும் இரு மடங்கு ஏற்ற வேண்டும் என்பது விதி. 1,500 லிட்டர் கொள்ளும் பி டைப் சிலிண்டர் ஒன்று 75 நிமிடம்தான் வரும். இரு மடங்குக் கணக்குக்கு 12 சிலிண்டர் வேண்டும். 7,000 லிட்டர் கொள்ளும் டி டைப் என்றால் மூன்று. வழியில் வண்டி பழுதாகி நின்ற பிறகு சிலிண்டரை எண்ணிப் பயனில்லை. எக்மோ குழுவே உங்கள் ஊருக்கு வந்து, அங்கேயே குழாய் போட்டு, நிலைப்படுத்திக் கூட்டிப்போவதுதான் பாதுகாப்பு. விகிதம் 50இல் இருப்பவரை வெறும் வென்டிலேட்டரோடு நெடுஞ்சாலையில் ஏற்றுவது ஆபத்து. அருகிலுள்ள வேறு நகரத்தில் மையம் இருக்கிறதா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். தூரம் பாதியானால் ஆபத்தும் குறையும்.

எக்மோ போட்ட பிறகு என்ன நடக்கும்? இங்கேதான் குடும்பத்தார் அதிகம் குழம்புகிறார்கள். வென்டிலேட்டரை எடுத்துவிட மாட்டார்கள், அதன் வேகத்தைக் குறைப்பார்கள். பிளாட்டோ 24, 25க்குள், ஆக்சிஜன் 50, 60 சதவீதத்துக்குள், பீப் 10 அளவில். அடிபட்ட கைக்குத் தூளிக்கட்டு போடுவதுபோல நுரையீரலுக்கு ஓய்வு. முதல் சில நாள் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையாகவே தெரியலாம். அதைப் பார்த்துப் பதறக்கூடாது.

மானிட்டரில் ஆக்சிஜன் 86 காட்டுகிறதே, இவ்வளவு செலவு செய்தும் 100 வரவில்லையே என்பார்கள். கணக்கைப் பாருங்கள். இயந்திரம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை 100 சதவீதம் நிரப்பித் தருகிறது. காய்ச்சலில் இதயம் நிமிடத்துக்கு 10 லிட்டர் இறைத்தால், மீதி 5 லிட்டர் இயந்திரத்துக்குள் போகாமலே ஏறக்குறைய 60 சதவீத ஆக்சிஜனோடு நேராகக் கலக்கும். கலவை 80தான் வரும். காய்ச்சலை இறக்கி, தூக்க மருந்து கொடுத்து, இதயம் 6.5 லிட்டருக்கு வந்தால் அதே இயந்திரத்தில் 90ஐத் தொடும். அதனால் எண் குறையும்போது பம்ப் வேகத்தைக் கூட்டுவது எப்போதும் விடையாகாது. ஹீமோகுளோபின் போதுமானதாக இருந்து, ஆக்சிஜன் போதாததைக் காட்டும் லாக்டேட் ஏறாமல், சிறுநீர் நன்றாகப் போனால் 80களின் நடுவில் உள்ள எண்ணை உடம்பு தாங்கும்.

இயந்திரத்தில் இரண்டு கட்டுப்பாடுகள். ஆக்சிஜன் ஏறுவது ரத்த ஓட்டத்தைப் பொறுத்தது. கார்பன் டை ஆக்சைடு இறங்குவது ஸ்வீப் எனப்படும் வாயு ஓட்டத்தைப் பொறுத்தது. ஸ்வீப்பைத் திடீரென்று கூட்டினால் 80இல் இருந்த கார்பன் டை ஆக்சைடு ஒரு மணி நேரத்தில் 35க்கு வந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மூளையின் ரத்தக்குழாய்கள் சட்டென்று சுருங்கி, பக்கவாதமோ மூளைக் கசிவோ வரலாம். முதல் நாளில் பாதிக்கு மேல் இறக்காமல், மெதுவாகக் கொண்டுவர வேண்டும்.

பெரிய பகைவர்கள் இரண்டு பேர்: ரத்தம் உறைவது, ரத்தம் கசிவது. ஒன்றைத் தடுத்தால் மற்றது தலைதூக்கும். பிளாஸ்டிக்கைத் தொட்ட ரத்தம் உறையும் என்பதால் குழாய் போடும்போதே உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுப்பார்கள். பிறகு தொடர்ந்து ஓடும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி பரிசோதனை இயல்பைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்குள் இருக்கும்படி பார்ப்பார்கள். கசிவு வந்தால் ஹெப்பாரினைக் குறைப்பார்கள், சில மணி நேரமோ சில நாளோ நிறுத்தியும் வைப்பார்கள். மூக்கு, ஈறு, குழாய் நுழைந்த இடம், குடல் என எங்கும் கசியலாம். அஞ்சவேண்டியது மூளைக் கசிவு. கண்மணி அளவு மாறுகிறதா என்று நர்ஸ் மணிக்கொருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காக.

அதே டார்ச்சால் ஆக்சிஜனேட்டரையும் பார்ப்பார்கள். மூலைகளில் கறுத்த புள்ளிகள், வெள்ளை நூல்கள் தெரிந்தால் ரத்தக்கட்டி சேர்கிறது என்று பொருள். ஓரிரு புள்ளிகள் சாதாரணம். பெட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஏறிக்கொண்டே போனாலோ, 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் பெட்டியிலிருந்து வெளிவரும் ரத்தத்தில் அழுத்தம் 200க்குக் கீழே வந்தாலோ, பெட்டியை மாற்ற வேண்டும். அதற்கு முன் ஒன்று செய்து பார்ப்பார்கள். இழைகளுக்குள் நீராவி குளிர்ந்து தண்ணீர் தேங்கினாலும் வேலை குறையும். ஸ்வீப்பைச் சில விநாடி முழு வேகத்தில் திறந்தால் தண்ணீர் வெளியே தெறிக்கும், எண்கள் தேறும்.

இன்னொன்று, குழாய் துடிப்பது. தொடைக் குழாய் பாம்பு நெளிவதுபோல வெடவெடவென்று ஆடும், ஓட்டம் குறையும். பம்ப் இழுக்கும் அளவுக்குச் சிரையில் ரத்தம் இல்லாமல், சிரையின் சுவரே குழாய் முனையில் ஒட்டிக்கொள்வதால் இப்படி ஆகும். அனுபவம் இல்லாதவர் ஓட்டம் குறைகிறதே என்று வேகத்தைக் கூட்டுவார். அது இன்னும் உறிஞ்சி, உறிஞ்சும் பக்க அழுத்தம் மைனஸ் 100க்கு அப்பால் போய், சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கோலா நிறமாக மாறும். சரியான வழி, முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு காரணத்தைத் தேடுவது: இருமுகிறாரா, குழாய் மடங்கியிருக்கிறதா, ரத்தம் குறைந்துவிட்டதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டதா. இந்த ஒன்றைச் செய்யத் தெரிந்த நர்ஸ் இருக்கும் ஐசியூவுக்கே நோயாளியை நம்பி அனுப்பலாம்.

இரண்டு குழாய்களும் ஒரே நிறம் என்று முன்பு சொன்னேன் அல்லவா? இரண்டும் இருண்டிருந்தால், பெட்டி பழுது அல்லது ஆக்சிஜன் இணைப்பு கழன்றிருக்கிறது. இரண்டும் பளிச்சென்று இருந்து, நோயாளியின் ஆக்சிஜன் அளவு மட்டும் குறைந்தால், குழாய் முனைகள் நெருங்கிவிட்டன. நிரப்பிய ரத்தத்தையே இயந்திரம் மறுபடி இழுத்துக்கொள்கிறது. எக்கோ அல்லது எக்ஸ்ரே பார்த்துக் குழாயைச் சில சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்துத் தைப்பார்கள்.

மின்சாரம் போனால் பேட்டரி, பேட்டரியும் போனால் கையால் சுற்றும் கைப்பிடி. அது படுக்கையருகிலேயே தொங்க வேண்டும். குழாயை நெரிக்கும் இடுக்கிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பம்ப் நின்றால் முதலில் திரும்பும் குழாயை நெரித்து, வென்டிலேட்டரை 100 சதவீதத்துக்குத் திருப்பி, பிறகு கைப்பிடி.

எத்தனை நாள் ஆகும்? ஃப்ளூவில் ஒன்றிரண்டு வாரம், கொரோனாவில் மூன்று நான்கு வாரம்கூட ஆனது. நுரையீரல் தேறுகிறதா என்று பார்ப்பதற்கு ஸ்வீப்பைப் படிப்படியாகக் குறைத்து முழுதாக மூடிவிடுவார்கள். ரத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் இயந்திரம் எதையும் சேர்க்காது. சில மணி நேரம் அப்படியே ஏபிஜி நன்றாக இருந்தால் குழாய்களை எடுத்து, அந்த இடத்தை அழுத்திப் பிடித்துத் தையல் போடுவார்கள். சில நாளில் டாப்ளர் ஸ்கேன் செய்து, குழாய் இருந்த சிரையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பெரியப்பா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. இது லட்சக்கணக்கில் போகும் சிகிச்சை. போடும் நாளில் சர்க்யூட் எனப்படும் குழாய்த் தொகுப்பு, ஆக்சிஜனேட்டர், குழாய்கள் என்று ஒரு பெரும் தொகை. பிறகு நாள்தோறும் ஐசியூ, மருந்து, பரிசோதனை, ரத்தம். பெட்டி மாற்ற நேர்ந்தால் மறுபடி ஒரு தொகை. இவற்றையெல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் அன்றே கேளுங்கள். அதைவிட முக்கியமாக, ‘எந்த நாளில், எதைப் பார்த்து, இனி தொடர்வதில் பயனில்லை என்று சொல்வீர்கள்?’ என்று தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள். நல்ல குழு இந்தக் கேள்வியால் புண்படாது. மூளைக் கசிவு, பல உறுப்புகள் செயலிழப்பது, வாரங்கள் கடந்தும் அசையாத நுரையீரல் என்று அவர்களே விளக்குவார்கள். ‘ஆண்டுக்கு எத்தனை பேருக்குப் போடுகிறீர்கள், இரவில் பெர்ஃபியூஷனிஸ்ட் (இயந்திரத்தை இயக்கும் வல்லுநர்) இருக்கிறாரா, ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் உண்டா?’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குறைந்த கட்டணம், இரவில் ஆள் இல்லை என்ற மையத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக உங்கள் தம்பி. எக்மோ போடாவிட்டாலும் 12 நாள் வென்டிலேட்டரில் இருந்த உடம்பு அது. தொடையும் தோளும் மெலிந்திருக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், இரவில் ஐசியூ கனவு வந்து திடுக்கிட்டு எழலாம். ‘சோம்பேறித்தனம்’, ‘பயம்’ என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் 10 நிமிட நடையில் தொடங்கி வாரம் ஐந்து நிமிடம் கூட்டட்டும். நடக்கும்போது விரல் கருவியில் 90க்குக் கீழே போனால் உட்கார்ந்துவிட வேண்டும், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முட்டை, பருப்பு, மீன் தட்டில் தினம் இருக்கட்டும். மூன்றாம் மாதம் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் 6 நிமிட நடைப் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அந்த இரண்டு ஏபிஜி தாள்களையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு பத்திரமாக வையுங்கள். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை, தம்பிக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும். பெரியப்பாவுக்கும் சேர்த்துப் போடுங்கள்.